காமக்கதை எழுதுகிறவள் எதிர்பார்க்கும் வாசகர்

ஈரோடு மாவட்டத்தின் சிறிய ஊர் ஒன்றில் இருந்துகொண்டு, புனைபெயரில், வயது வந்த ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் உடலால் விரும்புவதையே மையமாக வைத்துக் கதைகள் எழுதி வருகிறேன். இலக்கியக் கூட்டங்களில் இத்தகைய கதைகளைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. பேசுகிறவர்களும் 'துணிச்சல்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இப்படி எழுதுகிறவர்கள் வாசகரிடம் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்ட நண்பர் ஒருவர், நான் வாய் திறப்பதற்குள் விடையையும் தாமே சொல்லிவிட்டார்: நிறையப் பேர் படிக்க வேண்டும், அவ்வளவுதானே என்றார். காமக்கதையை நிறையப் பேர் படிப்பார்கள் என்பதில் எங்களுக்கு எந்நாளும் ஐயம் இருந்ததில்லை. கதை தன் உடலைச் சூடாக்கியது என்பதை ஒப்புக்கொண்டு, அந்த ஒரே காரணத்துக்காக அக்கதையை மட்டமாக நினைக்காமல் இருக்கும் வாசகர்தான் எங்களுக்கு அரிதாகக் கிடைக்கிறார்.

மட்டமாக நினைப்பதிலும் இரண்டு வழிகள் உண்டு. ஒரு சாரார் கதையை இறுதிவரையிலும், சில இடங்களை இருமுறையும் படித்துவிட்டு, குடும்பப் பெண் எழுதுகிற எழுத்தா இது என்று கேட்டு எழுதுகிறார்கள். மற்றொரு சாரார் நிறைய வாசித்தவர்கள். அவர்கள் 'இந்தக் கதை காமத்தைத் தாண்டிப் பேசுகிறது' என்று பாராட்டுவார்கள். நான் எதையும் தாண்டவில்லை, காமத்தைப் பற்றித்தான் எழுதினேன் என்று அவர்களிடம் சொன்னால் வருத்தப்படுகிறார்கள். பேய்க்கதை படித்து அஞ்சியவர் அஞ்சினேன் என்று சொல்லலாம். சோகக்கதை படித்து அழுதவர் அதைப் பெருமையாகவே சொல்லலாம். இந்த ஒரு வகை எழுத்துக்கு மட்டும், அது செய்ய வந்ததைச் செய்துவிட்டது என்று சொல்வதே அதற்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

இத்தனைக்கும் கொங்கு நாட்டில் காமம் பேச்சில் ஒளிந்துகொண்டிருந்ததில்லை. மஞ்சள் வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் வரப்பில் அமர்ந்து பேசும் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். கல்யாணமாகி வந்த புதுப்பெண்ணை நங்கையாளும் கொழுந்தியாளும் செய்யும் கேலியை அப்படியே அச்சில் ஏற்றினால் எந்தப் பத்திரிகையும் போடாது. என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே, ஊர்க் கதைகள் சொல்லுவார். அவற்றில் வரும் மருமகனும் மாமியாரும் பண்டாரமும் செய்யாதது ஒன்றும் இல்லை. கேட்டவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மறுநாள் அம்மிச்சியைக் கண்டு எவரும் முகம் திருப்பவில்லை, அவர் ஒழுக்கத்தைப் பற்றி எவருக்கும் கேள்வி எழவுமில்லை. சொன்னவரும் கேட்டவரும் ஒரே திண்ணையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததால், கேட்ட குற்றத்தைச் சொன்னவர் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக அங்கே வழியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அச்சு அந்த வழியைத் திறந்துவிட்டது. 'சரோஜாதேவி புத்தகம்' என்று தமிழ்நாடு முழுவதும் ஒரு பொதுப்பெயராகவே அறியப்பட்ட சிறு வெளியீடுகள், பேருந்து நிலையக் கடைகளில் வார இதழ்களுக்குப் பின்னால் மறைத்து வைத்து விற்கப்பட்ட காலத்தை நடுவயதைக் கடந்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் விலை கேட்பதில்லை, சில்லறை எண்ணுவதில்லை. யார் எழுதினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எவரும் விரும்பவும் இல்லை. அவசரமாகப் படிக்கப்பட்டு, பரணில் ஒளிக்கப்பட்டு, அல்லது கிழித்து எறியப்பட்டு அவை முடிந்துபோயின. அந்த எழுத்தின் பெரும்பகுதி மோசமானதுதான் என்பதை நான் மறுக்கவில்லை. பெண்ணின் மனத்தில் என்ன ஓடுகிறது என்ற கேள்வியே எழாத எழுத்து அது. ஆனால், தன்னைப் படித்தேன் என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை, எந்த வரி நன்றாக இருந்தது என்று ஒரு கடிதமும் வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு எழுதப்படும் எழுத்து வேறு எப்படித் தேறியிருக்கும்? இன்று அது கைபேசிக்குள் வந்துவிட்டது. மறைத்துப் படித்து, படித்ததை அழித்து, எழுதியவரை ஏசும் பழக்கமும் கூடவே வந்திருக்கிறது.

பிற மொழிகளில் எழுதியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று என்பது தெரிகிறது. அனாயிஸ் நின் என்ற எழுத்தாளர் 1940-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில், பெயர் தெரியாத ஒரு செல்வருக்காக, பக்கத்துக்கு ஒரு டாலர் கூலியில் காமக்கதைகள் எழுதினார். அந்தச் செல்வர் இடைத்தரகர் மூலம் திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பியது ஒன்றே: கவித்துவத்தை விட்டுவிடுங்கள், உடலுறவை மட்டும் எழுதுங்கள். பணம் கொடுத்து வாங்கிய வாசகர் அவர். எழுதியவருக்கோ அவர்மீது கோபம் வளர்ந்துகொண்டே போனது. உணர்ச்சியையும் மனநிலையையும் உரித்தெடுத்துவிட்டால் எஞ்சுவதில் காமமே இல்லாமல் போய்விடும் என்று அவர் நாட்குறிப்பில் வாதாடியிருக்கிறார். அந்தக் கதைகள் அவர் இறந்த பிறகு, 1977-இல்தான் புத்தகமாக வந்தன; அவரோ அச்செல்வரோ எதிர்பார்த்திராத பெரும் வாசகர் கூட்டம் அவற்றுக்குக் கிடைத்தது.

இதற்கு நேரெதிராக, பிரான்சில் டொமினிக் ஓரி ஒரே ஒருவருக்காக எழுதினார். ஒரு பெண்ணால் இத்தகைய எழுத்தை எழுத முடியாது என்று அவருடைய காதலரும் பெயர்பெற்ற பதிப்பாசிரியருமான ழான் போலான் கருதியதால், அவருக்குக் காட்டவென்றே ஒரு நாவலை எழுதினார்; அது 1954-இல் வேறு பெயரில் வெளிவந்தது. தாம்தான் எழுதினோம் என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னது 1994-இல். அந்த நாவல் எனக்கு முழுக்க உவப்பானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படிக்கப்போகிற, படித்துவிட்டுப் பழிக்காத ஒருவர் அவர் கண்முன் இருந்தார் என்பதில் எனக்குப் பொறாமை உண்டு.

நிதானம் என்றேன். கைபேசித் திரையை மேலே தள்ளிக்கொண்டே போய், 'அந்த' இடத்தில் நிறுத்திப் படிக்கும் வாசகரைப் பற்றி எங்களில் எல்லோரும் புலம்புகிறோம். அப்படிப் படிப்பவருக்குத் திருக்குறளின் மூன்றாம் பால் பெரும் ஏமாற்றத்தைத் தரும். 25 அதிகாரங்களில் 'புணர்ச்சி மகிழ்தல்' என்று தலைப்புக் கொண்டது ஒன்றே ஒன்று. அதுவும் தொடக்கத்திலேயே, மூன்றாவதாக வந்து போய்விடுகிறது. மீதியெல்லாம் கண் சந்திப்பது, குறிப்பறிவது, பிரிவது, உறக்கம் இழப்பது, கனவு காண்பது, மாலைப்பொழுதில் நொந்துபோவது. கடைசி மூன்று அதிகாரங்கள், அதாவது 30 குறள்கள், ஊடலுக்கு உரியவை. காதலன் தும்மியதற்கும் தும்மலை அடக்கியதற்கும் சண்டை பிடிக்கிற பெண்ணை, கட்டித் தழுவுவதற்குச் சற்று முன்வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நூலையே முடித்துக்கொள்கிறார் வள்ளுவர். எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்த 250 குறள்களையும் விட்டுவிட்டுத்தான் திருக்குறள் நடத்தினார்கள்; அவற்றைப் படித்திருந்தால் காமத்தில் காத்திருத்தலின் பங்கு எவ்வளவு என்பதை அந்த வயதுக்குரிய அளவிலாவது அறிந்திருப்போம். நான் என் கதைகளில் இரண்டு பேரை ஒரே அறைக்குள் கொண்டுவருவதற்குப் பதினைந்து பக்கம் எடுத்துக்கொள்வது வாசகரை இழுத்தடிப்பதற்காக அன்று. அந்தப் பதினைந்து பக்கமும் சேர்ந்ததுதான் காமம். அவற்றைத் தாண்டிக் குதித்தவர் கடைசியில் காண்பது யாரோ இருவரின் கை கால்களை மட்டுமே.

அடுத்தது, என்னைத் தேடாமல் படிப்பது. பெண் எழுதுகிறாள் என்று தெரிந்தவுடன் கதையிலிருந்து அவள் படுக்கையறைக்கு ஒரு வாசல் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். 'இது உங்கள் அனுபவமா?' என்று தொடங்கும் செய்திகள் இன்பாக்ஸில் வராத வாரம் இல்லை. கொலைக்கதை எழுதுகிறவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கேட்பவர்களில் சிலர், பதில் வராவிட்டால், அடுத்த செய்தியில் தங்கள் அனுபவத்தை விவரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களை வாசகர் கணக்கிலேயே நான் சேர்ப்பதில்லை.

கொங்கு நாட்டில் இந்தத் தேடலுக்கு இன்னொரு முகம் உண்டு. பாத்திரத்துக்கு ஒரு பெயரும் ஊரும் கொடுத்துவிட்டால் போதும், அவர்கள் என்ன சாதி, சாதிக்குள் எந்தக் கூட்டம், குலதெய்வக் கோயில் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். வேறு சாதியில் மணம் செய்துகொண்டதற்காக 2016 மார்ச் மாதம் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்ட நிலம் இது. இங்கே யார் யாரை விரும்பினார் என்பது உடலைப் பற்றிய செய்தியாக மட்டும் ஒருபோதும் படிக்கப்படுவதில்லை. அகத்திணையில் தலைவன் தலைவி பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதை மாணவப் பருவத்தில் ஓர் இலக்கண விதியாக மனப்பாடம் செய்தேன். இப்போது அதில் எத்தனை நடைமுறை அறிவு இருக்கிறது என்று வியக்கிறேன். பெயர் இல்லாததால் அந்தத் தலைவி யார் வீட்டுப் பெண் என்று எவரும் கேட்க முடியாது; பாடிய புலவரிடம் உன் கதையா என்றும் கேட்க முடியாது. நான் பெயர் வைக்காமல் எழுத முடியாது என்பதால், அந்த விதியை வாசகரே தம் பக்கத்தில் கடைப்பிடித்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுகிறேன்.

பகுதியை மட்டும் பிடுங்கிப் படிப்பதால் என்ன நேரும் என்பதற்கு நாங்கள் தொலைவில் எங்கும் போய் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. பெருமாள்முருகனின் மாதொருபாகன் காமக்கதை அன்று. குழந்தையில்லாத ஒரு தம்பதியரின் துயரம் அது. 2010-இல் வெளிவந்து, நான்காண்டுகள் அமைதியாகப் படிக்கப்பட்ட அந்த நாவலின் சில பக்கங்கள் மட்டும் 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் படியெடுத்து வினியோகிக்கப்பட்டன. அந்தப் பக்கங்களை மட்டும் படித்தவர்கள் அவற்றில் கண்டது காமத்தை. அதுவும் தம் வீட்டுப் பெண்கள்மீது சுமத்தப்பட்ட காமத்தை. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் 2015 ஜனவரியில் அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம், பிடிக்காத புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடலாம், படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்று சொல்லி அவரை மீண்டும் எழுதும்படி கூறியதும் அனைவரும் அறிந்தவை. சட்டமும் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்துதான் வந்திருக்கிறது. ஒரு பத்தியைத் தனியே எடுத்து, அது எளிதில் கெடக்கூடிய மனத்தைக் கெடுக்குமா என்று பார்க்கும் 1868-ஆம் ஆண்டின் இங்கிலாந்து அளவுகோலை உச்சநீதிமன்றம் 2014-இல் கைவிட்டு, படைப்பை முழுமையாக வைத்து, இன்றைய சமூகத்தின் அளவில் பார்க்க வேண்டும் என்றது. ஆனாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது: ஆபாசமென்று முடிவானதை மின்னணு வடிவில் வெளியிட்டால் முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். எங்கள் கதையிலிருந்து ஒரு பத்தியை வெட்டி, முன்னும் பின்னும் இல்லாமல், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கதையின் தலைமாட்டில் நாங்கள் எழுதி வைக்கும் எச்சரிக்கைகளைப் படியுங்கள் என்பது சிறிய வேண்டுகோள்தான். பதினெட்டு வயது நிறையாதவர் படிக்க வேண்டாம், இதில் இன்ன இன்ன வருகிறது, மனம் ஒப்பாதவர் விலகிக்கொள்ளலாம் என்று தெளிவாகவே போடுகிறோம். அதைப் படித்த பிறகும் உள்ளே வந்து, சொன்னது சொன்னபடியே இருக்கிறது என்று கோபித்துக்கொள்பவரிடம் என்ன பேசுவது?

கற்பனைக்கும் சம்மதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த வாசகர் வேண்டும் என்பது அதைவிடப் பெரிது. தமிழில் இப்போது இணையத்தில் தொடர்களாக வரும் காதல் நாவல்களில் 'ஆன்ட்டி ஹீரோ' என்றொரு வகை கொடிகட்டிப் பறக்கிறது. நாயகன் நாயகியை வதைப்பான், வற்புறுத்துவான், பிறகு அவள் அதையே அன்பென்று உணர்வாள். அவற்றை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நிஜத்தில் அஞ்சி நடுங்கும் ஒன்றைக் கதையில் தொட்டுப் பார்க்க மனம் விரும்புவது புதிதும் அன்று. ஆனால் எனக்கு அவை பிடிப்பதில்லை, விற்கின்றன என்று தெரிந்தும் எழுதுவதில்லை. நான் எதிர்பார்க்கும் வாசகர், கதைக்குள் மயங்கிக் கிடந்தாலும், 'இவள் இதை விரும்பினாள் என்று எங்கே சொன்னாய்?' என்று என் சட்டையைப் பிடித்துக் கேட்கக் கூடியவர். அப்படிக் கேட்கும் வாசகர் இருக்கிறார் என்ற நினைப்பே எழுதும்போது கையைச் சரியாக வைத்திருக்கிறது. பெண் வேண்டுமென்று சொல்வதையும், அவள் சொன்ன பிறகு ஆண் தயங்குவதையும் எழுதிப் பார்த்தால், அதில் கிளர்ச்சி குறையவில்லை, கூடுகிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். வாசகர் அதை உறுதிப்படுத்தும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

உறுதிப்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேனில் அரைத்தூக்கத்தில் போகும்போது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாதபடி திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு படிப்பதாக ஒருவர் எழுதினார். கதை நன்றாக இருந்தது என்பதோடு அவர் நிற்கவில்லை. எந்த வரியில் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார் என்பதையும் சொல்லியிருந்தார். நான் பெரிதாக நினைத்து எழுதிய இடம் அதுவன்று. மூன்று பத்திகளுக்கு முன்னால், அவன் அவளுடைய ஈரத்தலையைத் துவட்டுகிற இடம். ஐந்து நட்சத்திரங்களும் அறுபது இதயக் குறிகளும் சொல்லாததை அந்த ஒரு செய்தி சொன்னது. எங்கே சூடேறியது, எங்கே ஆறிப்போனது என்று இப்படிச் சொல்வதற்கு வெட்கத்தைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தகைய கடிதங்கள் அரிதாக வருகின்றன. ஆண்களிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால் இன்னும் மகிழ்வேன். அவர்களில் நிறையப் பேர் கதையை பிடிஎஃப் ஆக்கி, என் பெயரை எடுத்துவிட்டு, டெலிகிராமில் சுற்றவிடுவதைத்தான் பாராட்டு என்று நினைக்கிறார்கள்.

குறை சொல்லி வரும் கடிதங்களும் எனக்கு வேண்டும், அவை கதைக்குள் நின்று சொல்லப்படுமானால். காங்கேயம் பக்கத்திலிருந்து, ஐம்பதைக் கடந்தவர் என்று தம்மைக் குறிப்பிட்டுக்கொண்ட ஓர் அம்மாள், தோட்டத்து வீட்டில் நடக்கும் என் கதையொன்றைப் படித்துவிட்டு இப்படி எழுதியிருந்தார்: 'ஏனுங்கம்மிணி, மத்ததெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு த்ரீ பேஸ் கரண்டு வந்தா எந்த ஆம்பளையும் மோட்டாரு எடுத்துவுடாம கட்டல்ல இருக்கமாட்டானுங்க. அவன் போயிட்டு சேத்துக் காலோட திரும்பி வரட்டும், அவ முழிச்சுட்டே இருக்கட்டும். அதுல தானுங்க இருக்குது.' காமத்தில் காத்திருத்தலின் பங்கைப் பற்றி நான் மேலே எழுதியதையெல்லாம் அவர் மோட்டார் சுவிட்சை வைத்தே சொல்லிவிட்டார். கடிதத்தின் முடிவில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: எல்லாக் கதையிலும் இருபத்தைந்து வயதுக்காரர்களே வருகிறார்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டுத் தோட்டத்தில் தனியாக இருக்கும் எங்களைப் போன்றவர்களை எழுத மாட்டீர்களா என்று. எழுதத் தொடங்கியிருக்கிறேன். அந்தக் கதையில் வரும் இருவருக்கும் மூட்டுவலி உண்டு, மகளிடமிருந்து ஒன்பது மணிக்குத் தவறாமல் தொலைபேசி வரும், தோட்டத்து மோட்டாருக்கு ஒரு வாரத்துக்கு இரவு முறை மின்சாரம். முதல் பகுதி முடிந்ததும், வெளியிடுவதற்கு முன்பே, காங்கேயத்து அம்மாளுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.